உலக அழகி மகுடமும் மித்தி ஆற்றின் இரு கரைகளும்

(உலக மகளிர் நாளையொட்டி மும்பை தாராவியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு உலக மகளிர் நாளுக்கு மறுநாள், மார்ச் 9 இரவு, பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள ஜியோ உலக மாநாட்டு மையத்தில் 71ஆவது உலக அழகிப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இளம்பெண்கள் வந்திருந்தனர். நேபாளம், வங்கதேசம் என அண்டை நாட்டுப் பெண்களும் தத்தம் நாட்டின் பெயர் பொறித்த நாடாவை அணிந்து அந்த மேடையில் நின்றனர். செக் நாட்டின் கிறிஸ்டினா பிஸ்கோவா மகுடம் சூட்டப்பட்டார். லெபனானின் யாஸ்மினா ஜைதூன் இரண்டாம் இடம் பெற்றார்.

அந்த மண்டபத்திலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் தாராவி. பாந்த்ரா-குர்லா வளாகம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் கடல்நீர் ஏறியிறங்கும் சதுப்பு. அரசு அமைப்பு அதை மண்ணிட்டு மேடாக்கி, வங்கிகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் குத்தகைக்கு அளித்தது. தாராவியும் அவ்வாறே சதுப்பாக இருந்த நிலம்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும், பின்னர் வந்த பலரும் குப்பையும் மண்ணும் கொட்டிக் கையால் மேடாக்கிய நிலம். ஒரு கரையில் மேடாக்கியவர்களுக்குப் பட்டா உண்டு. மறுகரையில் மேடாக்கியவர்களுக்கு ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற பெயர் உண்டு. அன்றிரவு மகுடம் மின்னிய மேடையைப் பற்றிப் பேசும்போது அது எந்த நிலத்தில் நின்றது என்பதையும் பேசத்தான் வேண்டும்.

நடுவர் இருக்கைகளில் அமர்ந்திருந்தவர்களையும் ஒருமுறை நோக்கலாம். திரைக் கலைஞர்களோடு, டைம்ஸ் குழுமத்தின் நிர்வாக இயக்குநர் இருந்தார். அக்குழுமமே 1964 முதல் இந்திய அழகிப் போட்டியை நடத்தி வருவது. அன்றைய மகாராஷ்டிரத் துணை முதல்வரின் துணைவியாரும் இருந்தார். அதே இரவில், அந்த மண்டபத்தை உடைமையாகக் கொண்ட ரிலையன்ஸ் குழுமத்தின் நீதா அம்பானிக்கு மனிதநேய விருது வழங்கப்பட்டது. பிப்ரவரியில் தில்லியில் நடந்த தொடக்க விழாவை இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது ஒரு பொதுத்துறை நிறுவனம், முன்னின்று நடத்தியது. மூலதனம், ஊடகம், ஆட்சியதிகாரம் மூன்றும் ஒரே மேடையைச் சுற்றி நாற்காலி போட்டு அமர்வதை இவ்வளவு வெளிச்சத்தில் காணும் வாய்ப்பு அரிது.

ஆங்கிலத்தில் இத்தகைய நிகழ்ச்சியைப் ‘பேஜன்ட்’ என்பர். இடைக்கால ஐரோப்பாவில் சமய நாடகங்களை ஏற்றி ஊர்வலமாக இழுத்துச் சென்ற வண்டி மேடைக்கு வழங்கிய பெயர் அது. தமிழ் நாளேடுகள் அதனை ‘அழகிப் போட்டி’ என்று பெயர்த்தன. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நேர்மையாக அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்று. ஊர்வலம், விழா, கொண்டாட்டம் என்ற திரைகள் கழன்று, பெண்ணைப் பெண்ணோடு மோதவிட்டு மதிப்பெண் இடும் செயல் மட்டும் எஞ்சுகிறது.

பட்டமும் விலையும் சேர்ந்தே வருவது தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்ற மாதவி, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். மன்னன் தலைக்கோல் பட்டம் அளிக்கிறான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் என்று அவள் பெறுமானமும் வகுக்கப்படுகிறது. அவ்வளவு பொன் பெறும் மாலை ஒன்றை ஏந்திக்கொண்டு கூனி ஒருத்தி செல்வர் நடமாடும் தெருவில் நிற்கிறாள். மாலையை வாங்குபவனுக்கு மாதவி. கோவலன் வாங்குகிறான். ஏழாண்டு உழைத்தவள் மாதவி. விலை குறித்தவள் அவளல்லள். பட்டம் கிடைத்த கையோடு மாலை கடைத்தெருவுக்கு வந்துவிடுவதை இளங்கோவடிகள் ஒளிக்கவில்லை. உலக அழகிப் போட்டி அந்தத் தெருவைத்தான் தொண்டுப்பணி, நாடுகளின் நட்பு என்ற சொற்களால் மூடுகிறது.

1951இல் லண்டனில் ‘பிரிட்டன் விழா’ நடந்தபோது, மெக்கா என்ற கேளிக்கை நிறுவனத்தில் பணிபுரிந்த எரிக் மோர்லி விளம்பரத்திற்காக நடத்திய நீச்சலுடைப் போட்டியே இதன் தொடக்கம். அதன் உரிமை இன்றும் அக்குடும்பத்திடமே உள்ளது. ஐக்கிய நாடுகள் அவையோ வேறெந்த நாடுகளின் அமைப்போ இதை நடத்தவில்லை. மேடையில் நாடுகளின் பெயர் இருப்பதால் பலர் அப்படி எண்ணிக்கொள்கின்றனர். நாட்டின் பெயரைத் தாங்கும் நாடா ஒரு தனியார் நிறுவனம் அளிப்பது.

நாடுகளின் நட்பு என்ற பேச்சின் உண்மைப் பொருளை அறிய மாட்டுங்காவில் பிறந்த ஒரு பெண்ணின் கதை போதும். ரீட்டா ஃபாரியா, கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட பம்பாய்க் குடும்பத்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரி மாணவி. 1966 நவம்பரில் இரவல் உடைகளோடு லண்டன் சென்று உலக அழகிப் பட்டம் பெற்றார். ஆசியப் பெண் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. அதே ஆண்டு ஜூனில்தான் இந்நகரில் சிவசேனை பிறந்தது. மாட்டுங்காவின் உணவகங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்த தென்னிந்தியர்களை ‘அந்நியர்’ என்றது. ஆண்டு முடிவதற்குள் மாட்டுங்காவில் பிறந்த கோவாப் பெண் ஒருவர் ‘பாரதத்தின் பெருமை’ ஆனார். நகரத்தின் மனம் அப்படி!

மகுடம் சூடிய அடுத்த மாதமே பட்டத்தோடு சேர்ந்த கடமை வந்தது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு ரீட்டா ஃபாரியா வியட்நாம் சென்றார். அங்கே போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களைக் கிறிஸ்துமஸ் காலத்தில் மகிழ்விப்பது பணி. வியட்நாமுக்கான பன்னாட்டுக் கண்காணிப்பு ஆணையத்தில் அப்போது இந்தியாவே தலைமை வகித்தது. இந்திய அரசு அப்பயணத்தை எதிர்த்தது. ஆயினும் பயணம் நடந்தது. ஓர் ஆசிய நாட்டின் சிற்றூர்கள் மீது நேப்பாம் பொழிந்துகொண்டிருந்த படைக்கு முன்னால், ‘உலக’ என்ற அடைமொழியோடு இன்னோர் ஆசிய நாட்டின் பெண் நிறுத்தப்பட்டார். அண்டை நாடுகளின் நட்புக்கு ஏகாதிபத்தியம் தந்த விளக்கம் இது.

இதில் அந்த மாணவியைக் குற்றஞ்சாட்டுவது எளிது; தவறும்கூட. ஓராண்டுக் கடமை முடிந்ததும் அவர் திரைப்பட, விளம்பர வாய்ப்புகளை மறுத்து மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார், மருத்துவராகவே வாழ்ந்தார். மாலை கடைத்தெருவில் நின்றபோது அதைத் திருப்பி எடுத்துக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

அந்தப் பாப் ஹோப் 1970இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் இதே போட்டியை நடத்த மேடையேறியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் வீசினர். போட்டியாளர்கள் மீது தங்களுக்குச் சினமில்லை என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தனர். அவ்வாண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து இருவர் வந்திருந்தனர்: வெள்ளையின அழகி ஒருவர், கறுப்பின அழகி ஒருவர். நிறவெறி அரசு மீதான கண்டனத்தைச் சமாளிக்க ஏற்பாட்டாளர்கள் கண்ட வழி அது. நிறவெறி நீங்கவில்லை, அதற்கு இரண்டு நாடாக்கள் கிடைத்தன.

இந்தியாவுக்கு இம்மகுடம் மீண்டும் வந்தது 1994இல். சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, மாட்டுங்கா ரூபரேல் கல்லூரியில் பயின்ற ஐஸ்வர்யா ராய் உலக அழகி. பின்னர் 1997, 1999, 2000 என அடுத்தடுத்துப் பட்டங்கள். ரீட்டா ஃபாரியாவுக்குப் பிறகு 28 ஆண்டுகள் இந்தியப் பெண்களின் முகம் அந்த நடுவர்களுக்குத் தெரியாமல் போனதற்கும், ஆறே ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்ததற்கும் இடையில் 1991 நின்றது. புதிய பொருளாதாரக் கொள்கை சந்தையைத் திறந்துவிட்டது. 1952இல் டாட்டா குழுமம் தொடங்கிய லாக்மே, 1990களின் இறுதியில் யூனிலீவரின் இந்திய நிறுவனத்திடம் சென்றது. 1975 முதல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விற்றுவந்த நிறுவனமும் அதுவே. சிவந்த மேனிதான் வேலையும் வரனும் பெற்றுத்தரும் என்று கறுத்த பெண்களிடம் 45 ஆண்டுகள் சொல்லிவிட்டு, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் எழுச்சி நிகழ்ந்த 2020இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். களிம்பு கடைகளில் இருக்கிறது.

மேடையில் கன்னங்களை மினுக்கும் பூச்சில் பெரும்பாலும் இருப்பது அப்பிரகம். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடிஹ் பகுதிகளின் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் சிறுவர் சிறுமியர் கூடையோடு இறங்கி அதைப் பொறுக்குவதும், மண் சரிந்து குழந்தைகள் மாள்வதும் ஏடுகளில் பலமுறை வெளிவந்த செய்திகள்.

இனி 1996. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று பெங்களூரில், அமிதாப் பச்சனின் நிறுவனம் உலக அழகிப் போட்டியை நடத்தியது. எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து எழுந்தது. இடதுசாரி மாதர் அமைப்புகள் பெண்ணுடல் பண்டமாக்கப்படுவதையும் பன்னாட்டு நிறுவனங்களின் சந்தை வேட்டையையும் சுட்டிக்காட்டின. மறுபுறம், பாரதப் பண்பாடு கெடுகிறது, பெண்ணின் மானம் போகிறது என்று சங்கப் பரிவாரத்தினர் முழங்கினர். தீக்குளிப்போம் என்ற மிரட்டல்கள் வந்தன. மதுரையில் ஓர் இளைஞர் உண்மையிலேயே தீக்குளித்து உயிரிழந்தார். நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான காவலர்களின் பாதுகாப்பில் இறுதிச் சுற்று நடந்து முடிந்தது. நடத்திய நிறுவனம் பின்னர் நொடித்துப்போனது.

அந்த இரு எதிர்ப்புகளும் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஏடுகள் பலவும் அவற்றை ஒரே பத்தியில் எழுதி, இடதும் வலதும் கைகோத்தன என்று எள்ளின. வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1996இல் பண்பாடு கெடுகிறது என்றவர்களின் ஆட்சி 2024இல் மத்தியிலும் மகாராஷ்டிரத்திலும் இருந்தது. அவ்வாட்சியின் கீழ், அரசுச் சுற்றுலாக் கழகம் வரவேற்பளிக்க, அதே போட்டி அதே நிறுவனத்தால் நடத்தப்பட்டது. அதற்கு முன் 2023 ஆகஸ்டில் ஸ்ரீநகருக்குப் போட்டி நிறுவனத்தின் தலைவரும் அப்போதைய உலக அழகியும் அழைத்து வரப்பட்டனர். காஷ்மீரிலேயே போட்டி நடக்கும் என்ற பேச்சும் எழுந்தது. மாநிலத் தகுதி பறிக்கப்பட்ட நிலம் அமைதியாக இருக்கிறது என்று உலகுக்குக் காட்ட ஒரு மகுடம் தேவைப்பட்டது போலும். பண்பாடு எங்கே போயிற்று என்று அவர்களுள் எவரும் கேட்கவில்லை. மானம் என்பது அம்பானி மண்டபத்திற்கு வெளியே, காதலித்து மணந்துகொள்ளும் ஏழைப் பெண்ணுக்கு மட்டும் உரிய சரக்கு.

இந்த இடத்தில் இடதுசாரிகளும் தங்கள் மொழியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. ‘நம் பெண்கள் அரைகுறை ஆடையில்’ என்று தொடங்கும் வாக்கியம் முற்போக்கு மேடையில் ஒலித்தாலும் அது மனுவின் வாக்கியமே. ஆடையின் அளவு இங்கே சிக்கலன்று. 2015 முதல் இப்போட்டியில் நீச்சலுடைச் சுற்றே கிடையாது. உடல் மூடப்பட்டதால் சுரண்டல் நின்றுவிட்டதா? தொண்டுத் திட்டம் எழுதவும், கேள்விக்கு விடை சொல்லவும், பல வாரங்கள் விளம்பரதாரர்களின் நிகழ்ச்சிகளில் சிரித்து நிற்கவும் வேண்டும் என்று வேலை கூடியதுதான் மிச்சம். அது வேலை. அந்தச் சொல்லிலிருந்து தொடங்குவதே உழைக்கும் வர்க்கத்தின் பார்வை.

2025 மே மாதத்தில் அதை ஒரு போட்டியாளரே சொன்னார். 72ஆவது போட்டி தெலங்கானா அரசின் ஆதரவில் ஹைதராபாத்தில் நடந்தது. மே 7 தொடங்கி இந்தியா-பாகிஸ்தான் எல்லையின் இருபுறமும் மக்கள் உயிரிழந்துகொண்டிருந்தனர். 10ஆம் நாள் மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அன்று மாலையே கச்சிபௌலி அரங்கில் தொடக்க விழா. சில நாள்களில் இராமப்பா கோயிலுக்குச் சென்ற போட்டியாளர்களின் பாதங்களை உள்ளூர்ப் பெண்கள் கழுவிவிடும் படங்கள் வெளிவந்து கண்டனம் எழுந்தது. அடுத்து இங்கிலாந்தின் மில்லா மகீ போட்டியை விட்டு விலகித் தாயகம் திரும்பினார். செலவளித்த நடுத்தர வயது ஆண்களின் விருந்து மேசைகளில் அவர்களை மகிழ்விக்கும்படி தாங்கள் உட்கார வைக்கப்பட்டதாகவும், விலைமகளைப் போலத் தம்மை உணரச் செய்ததாகவும் அவர் கூறினார். ஏற்பாட்டாளர்கள் மறுத்தனர். மாநில அரசு விசாரணைக்கு ஆணையிட்டது.

இது தாராவிப் பெண்களுக்குப் புரியாத செய்தியா? வீட்டு வேலைக்காக மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககங்களின் மின்தூக்கியில் ஏறும் பெண்ணுக்கு, எந்தக் கதவு திறக்கும்போது உள்ளே நுழையத் தயங்க வேண்டும் என்பது தெரியும். ‘சிரித்த முகத்தோடு இரு’ என்ற கட்டளை அழகு நிலையத்திலும் துணிக்கடையிலும் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கும் உண்டு. மகுடம் கேட்டுச் சென்றவரும் மாதச் சம்பளம் கேட்டுச் சென்றவரும் ஒரே நிலையில் இல்லை. மகீக்கு விமானச் சீட்டு இருந்தது. வேலையை விட்டு வெளியேறும் தாராவிப் பெண்ணுக்கு அடுத்த மாத வாடகை இல்லை. ஆனால் இருவரையும் அழுத்துவது ஒரே வகை அதிகாரம்.

மும்பை மேடையில் மகுடம் சூட்டப்படுவதற்குச் சில நாள்கள் முன்பு வரை, இதே நகரின் ஆசாத் மைதானத்தில் மகாராஷ்டிரத்தின் ஆஷா பணியாளர்கள் அமர்ந்திருந்தனர். அதற்கு முன், 2023 டிசம்பர் தொடங்கி ஐம்பது நாள்களுக்கு மேல் அங்கன்வாடி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் அல்ல, ‘மதிப்பூதியம்’ என்று அரசு பெயரிட்டுத் தரும் தொகையை உயர்த்தக் கேட்டனர். அழகிப் போட்டியிலும் அதே சொல்விளையாட்டு: அங்கே உழைப்புக்கு ‘வாய்ப்பு’ என்று பெயர். பெண் செய்யும் வேலைக்கு வேலை என்ற பெயரை மட்டும் மறுப்பதில் அரசும் மூலதனமும் காட்டும் ஒற்றுமை வியப்பளிப்பது.

அதே 2024 மார்ச் மாதத்தில் தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்புத் தொடங்கியது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்துடையது, 20 விழுக்காடு மாநில அரசுடையது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டார்க்கு 350 சதுர அடி. அதன்பின் வந்தவர்களுக்கும் மாடிகளில் குடியிருப்போர்க்கும் தாராவிக்கு வெளியே, பணம் செலுத்தும் வகையில் வீடு என்பது விதி. கதவில் எழுதப்படும் எண்ணுக்குப் பின்னால் வீட்டுக்குள் நடக்கும் தொழில் மறைந்துபோகிறது. அப்பளம் இட்டு வாசலில் காயவைக்கும் பெண்ணுக்கும், பித்தான் தைக்கும் பெண்ணுக்கும் அடுக்குமாடியில் வெயிலும் இல்லை, வாசலும் இல்லை. ஆற்றின் அக்கரையில் நிற்கும் உலகத்தரம் இக்கரைக்கும் வருகிறது என்கிறார்கள். அக்கரையின் உலகத்தரம் எவரை உள்ளே விட்டது என்பதை அந்த மண்டபத்தைத் துப்புரவு செய்யச் செல்லும் பெண்கள் சொல்வார்கள்.

ஆகவே போட்டியைத் தடை செய் என்று முழங்குவதோடு நின்றுவிடாமல், சட்டம் ஏற்கெனவே தந்துள்ள ஒன்றைக் கையில் எடுப்பது பயன் தரும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. ராஜஸ்தானில் ஓர் எளிய பெண் ஊழியருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அடுத்து மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997இல் வந்த விசாகா தீர்ப்பே அதன் தாய். கேளிக்கைத் தொழில் நடத்தும் தனியார் நிறுவனமும் அச்சட்டப்படி பணியிடம். விளையாட்டரங்கமும் போட்டி நடக்கும் இடமும் பணியிடம். வேலையின் பொருட்டுச் செல்லும் இடமும், ஏறிச்செல்லும் வண்டியும் பணியிடம். ஊதியம் பெறாமல் பணிபுரிபவரும் அதன் பாதுகாப்புக்கு உட்பட்டவர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். இந்திய மண்ணில் அடுத்த மகுடம் சூட்டப்படும்போது, அக்குழுவின் உறுப்பினர் யார், அதில் வெளியாள் யார், போட்டியாளர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன என்று கேட்கும் முதல் மனு மாதர் அமைப்புகளுடையதாக இருக்கலாம்.

அதே சட்டம் வீட்டுப் பணிப்பெண்ணையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. முதலாளியே குற்றவாளியாக இருக்கும்போதும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்திலும், மாவட்டந்தோறும் அமைக்கப்பட வேண்டிய உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். பாந்த்ரா, குர்லா, செம்பூர் ஆகியவை மும்பைப் புறநகர் மாவட்டம். அதன் ஆட்சியர் அலுவலகம் பாந்த்ரா கிழக்கில், அந்த மாநாட்டு மையத்திற்கு வெகு தொலைவில் இல்லை. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். அதன் அலுவலகம் கோட்டைப் பகுதியில் உள்ளது. வேலை செய்த வீடு எந்த மாவட்டத்தில் உள்ளது என்பதைப் பார்த்துச் செல்ல வேண்டும். நிகழ்ந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். எழுத இயலாதவருக்குப் புகாரை எழுத உதவுவது அக்குழுவினரின் கடமை என்று அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு கூறுகிறது.